ஜிடிகே புதிய பதிப்பும் பழைய வரைதல் நிரல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரைகலை இடைமுகங்களை உருவாக்கப் பயன்படும் ஜிடிகே நூலகம் 2-ஆம் பதிப்பிலிருந்து 3-க்கும், பிறகு 4-க்கும் மாறியபோது, திரையில் கோடு, வட்டம், எழுத்து ஆகியவற்றைத் தாமே வரைந்துகொண்ட நிரல்கள்தான் அதிகம் அடிபட்டன. பொத்தான்களும் உரைப்பெட்டிகளும் மட்டுமே உள்ள நிரலை ஓரிரு நாளில் மாற்றிவிடலாம். வரைபடம், அலைவடிவம், கடிகார முகப்பு, நிலப்படம் போன்றவற்றை வரையும் நிரலை அப்படி மாற்ற முடியாது. அத்தகைய நிரல்களைப் பராமரிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, இரண்டு மாற்றங்களையும் என் சொந்த நிரல்களில் செய்து முடித்த அனுபவத்திலிருந்து இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

பழைய நிரல் புதிய பதிப்பில் கம்பைல் ஆகவே மறுக்கிறது. உண்மையில் எவை நீக்கப்பட்டன?

ஜிடிகே 2.0 வெளிவந்த 2002-ஆம் ஆண்டில், வரைவதற்கென்று நூலகத்தின் கீழடுக்கில் தனிச் செயற்கூறுகள் இருந்தன. கோடு வரைய ஒன்று, செவ்வகம் வரைய ஒன்று, வட்டவில் வரைய ஒன்று என்ற அமைப்பு அது. ஒவ்வொன்றுக்கும் எந்தச் சாளரத்தில் வரைவது என்பதையும், நிறமும் கோட்டின் தடிமனும் அடங்கிய ஜிசி என்ற வரைசூழலையும் கொடுக்க வேண்டும். 2005-இல் வந்த 2.8 பதிப்பிலிருந்து கெய்ரோ என்ற வரைதல் நூலகத்தை ஜிடிகே தனக்குள்ளே பயன்படுத்தத் தொடங்கியது. அப்போதே புதிய வழி திறந்துவிட்டது. ஆனால் பழைய வழி மூடப்படாததால் பெரும்பாலோர் அதிலேயே நடந்தோம். 2.22 பதிப்பில் அந்தப் பழைய செயற்கூறுகள் கைவிடப்பட்டவை என்று குறிக்கப்பட்டன. 2011 பிப்ரவரியில் வந்த 3.0 பதிப்பில் அவை அடியோடு நீக்கப்பட்டன. ஜிசி, திரைக்கு வெளியே படத்தை வரைந்து வைக்கும் பிக்ஸ்மேப், நிற அட்டவணை, டிராவபிள் என்ற பொது வகை ஆகியவையும் அவற்றுடன் போயின. 'இப்போது வரைய வேண்டும்' என்று நிரலுக்கு அறிவிக்கும் 'எக்ஸ்போஸ்-ஈவென்ட்' சிக்னலின் இடத்துக்கு 'டிரா' சிக்னல் வந்தது. பொத்தான், உரைப்பெட்டி போன்ற இடைமுக உறுப்பான விட்ஜெட்டின் கட்டமைப்புக்குள் நேரடியாகக் கையை நுழைத்து அதன் சாளரத்தையும் அளவையும் எடுக்கும் வழக்கமும் அத்துடன் முடிந்தது. இப்போது அவற்றைத் தரும் செயற்கூறுகளை அழைத்தே பெற வேண்டும்.

2020 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பில் அந்த 'டிரா' சிக்னலும் நீக்கப்பட்டது. ஆக, 2002-இல் எழுதிய வரைதல் நிரலுக்கு இருமுறை சீரமைப்பு தேவைப்பட்டிருக்கிறது.

இப்படி வேலை செய்துகொண்டிருந்ததை ஏன் நீக்க வேண்டும்?

இந்தக் கேள்வியில் உள்ள கோபம் எனக்குப் புரிகிறது. நானும் அதே கோபத்தோடுதான் முதலில் இதை அணுகினேன். ஆனால் காரணத்தை அறிந்துகொள்ளாமல் மாற்றத் தொடங்கினால் பெயர்களை மட்டும் மாற்றிவிட்டு, நிரல் ஏன் இன்னும் ஓடவில்லை என்று திகைக்க நேரிடும்.

பழைய வரைதல் செயற்கூறுகள் எக்ஸ்11 சாளர அமைப்பின் வரைதல் கட்டளைகளை ஏறத்தாழ அப்படியே போர்த்திய மெல்லிய உறை. எக்ஸ்11 உருவான 1987-இல், நிரல் 'இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்குக் கோடு போடு' என்று சேவையகத்துக்குச் செய்தி அனுப்பும், சேவையகம் திரையில் நேரடியாகக் கோடு போடும். எனவே நிரல் எந்த நேரத்தில் வேண்டுமானாலும், எந்தச் செயற்கூற்றிலிருந்து வேண்டுமானாலும் திரையைத் தொடலாம் என்ற எண்ணம் நம் நிரல்களில் ஊறிப்போனது. அந்தக் கோடுகளுக்கு ஓர மென்மையோ ஒளிபுகும் தன்மையோ கிடையாது. ஒரு பகுதி அழிக்கப்பட்டு மீண்டும் வரையப்படும் இடைவெளியைக் கண்ணால் பார்க்க முடியும் என்பதால் திரை மினுக்கும்.

இப்போது திரை அப்படி இயங்குவதில்லை. ஒவ்வொரு நிரலும் தன் சாளரத்தின் முழுமையான படத்தைத் தயாரித்து ஒப்படைக்கிறது. எல்லாச் சாளரங்களையும் ஒன்றுசேர்த்துத் திரையில் காட்டுவது கம்பாசிட்டரின் வேலை. எக்ஸ்11-க்குப் பின் வந்த வேலண்ட் சாளர அமைப்பில் கோடு வரையும்படி சேவையகத்தைக் கேட்கவே வழியில்லை. நிரம்பிய படத்தைத்தான் கொடுக்க முடியும். எனவே 'எப்போது வேண்டுமானாலும் வரையலாம்' என்ற அனுமதியை நூலகம் தொடர்ந்து தந்திருந்தால், அது காப்பாற்ற முடியாத வாக்குறுதியாகவே இருந்திருக்கும். நீக்கியது சரியான முடிவு என்பதே என் கருத்து. ஆனால் கைவிடப்பட்டவை என்று குறித்ததற்கும் நீக்கியதற்கும் இடையே நிரலாளர்களுக்குக் கிடைத்த அவகாசம் மிகக் குறைவு என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

கணினியில் ஜிடிகே 4 நிறுவப்பட்டால் என் ஜிடிகே 2 நிரல் ஓடாமல் போய்விடுமா?

போகாது. 2, 3, 4 ஆகிய மூன்றும் வெவ்வேறு பெயரில் அடுத்தடுத்து நிறுவப்படக்கூடியவை. ஒன்று மற்றொன்றின் மேல் எழுதாது. ஒரே நிரலுக்குள் இரண்டு பதிப்புகளைக் கலக்க மட்டும் முடியாது. உங்கள் நிரல் ஏற்றும் செருகுநிரல் ஒன்று வேறு பதிப்பை இழுத்து வந்தால் நிரல் தொடக்கத்திலேயே நின்றுவிடும்.

எல்லாப் பிழைகளையும் திருத்திவிட்டேன், கம்பைலும் ஆகிறது. ஆனால் சாளரம் வெறுமையாக இருக்கிறது. அல்லது ஒரு கணம் வரைந்து மறைகிறது. ஏன்?

இங்கு வந்து சேரும் கேள்விகளில் பாதிக்கும் மேல் இதுதான், விடையும் பெரும்பாலும் ஒன்றுதான்: நிரல் வரைய வேண்டிய நேரத்தில் வரையாமல் வேறு நேரத்தில் வரைகிறது.

அலைவடிவம் காட்டும் ஒரு நிரலை எடுத்துக்கொள்வோம். நூறு மில்லி வினாடிக்கு ஒருமுறை டைமர் ஒன்று ஓடுகிறது; புதிய அளவீட்டைப் படித்து, முந்தைய புள்ளியிலிருந்து புதிய புள்ளிக்கு ஒரு சிறு கோட்டை அந்த டைமரின் உள்ளேயே வரைகிறது. ஜிடிகே 2-இல் இது ஓடியது. ஏற்கெனவே திரையில் இருந்த கோடுகள் அப்படியே இருக்கும், புதிய துண்டு மட்டும் சேரும். ஜிடிகே 3-இல் அதே டைமருக்குள் சாளரத்துக்கான கெய்ரோ சூழலை உருவாக்கி வரைந்தால், எக்ஸ்11-இல் கோடு சில சமயம் தெரியும். அடுத்த முழு வரைதல் வந்ததும் அழிந்துபோகும். வேலண்டில் பெரும்பாலும் தெரியவே தெரியாது. 3.22 பதிப்பிலிருந்து அப்படிச் சூழல் உருவாக்கும் செயற்கூறே கைவிடப்பட்டதாகக் குறிக்கப்பட்டுவிட்டது.

செய்ய வேண்டியது, வரைவதையும் நினைவில் வைப்பதையும் பிரிப்பது. டைமர் புதிய அளவீட்டை ஒரு வரிசையில் சேர்த்துவிட்டு, 'இந்த விட்ஜெட்டை மீண்டும் வரைய வேண்டும்' என்று கோரும் 'க்யூ டிரா' செயற்கூற்றை மட்டும் அழைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். நூலகம் தனக்கு ஏற்ற நேரத்தில் வரைதல் செயற்கூற்றை அழைக்கும். அது வரிசையிலுள்ள அளவீடுகள் அனைத்தையும் முதலிலிருந்து வரைய வேண்டும். திரையில் இப்போது என்ன இருக்கிறது என்பதை உங்கள் நிரல் ஒருபோதும் நம்பக்கூடாது. திரை முழுவதும் அழிந்துவிட்டது, இந்தக் கணத்தில் தொடக்கத்திலிருந்து வரையச் சொல்கிறார்கள் என்ற நினைப்பிலேயே வரைதல் செயற்கூற்றை எழுதுங்கள்.

இதனோடு ஒட்டிய இன்னொரு தவறும் உண்டு. கடிகார முள்ளை நகர்த்தும் கணக்கை வரைதல் செயற்கூற்றுக்குள்ளேயே வைத்திருப்பவர்கள் பலர். 'க்யூ டிரா'வைப் பத்துமுறை அழைத்தாலும் ஒரே சட்டகத்துக்கு (திரையின் ஒரு புதுப்பிப்புக்கு) ஒருமுறைதான் வரைதல் நடக்கும். மாறாக, நீங்கள் கேட்காமலேயே சாளரத்தின் அளவு மாறும்போதும் வரைதல் நடக்கும். எனவே அழைப்புகளை எண்ணி நேரத்தை அளக்கும் நிரலில் முள் சில சமயம் தாவும், சில சமயம் தங்கும். நேரத்தைக் கடிகாரத்திடம்தான் கேட்க வேண்டும். தொடர்ந்து நகரும் படத்துக்கு 3.8 பதிப்பில் சேர்க்கப்பட்ட, ஒவ்வொரு சட்டகத்துக்கும் உங்கள் செயற்கூற்றை நூலகமே அழைக்கும் டிக் கால்பேக் வசதி டைமரைவிடப் பொருத்தமானது. திரையின் புதுப்பிப்பு வேகத்தோடு அது இணைந்து ஓடும்.

கோடுகள் மங்கலாகவும் தடித்தும் தெரிகின்றன. பழைய கூர்மையை எப்படிப் பெறுவது?

பழைய செயற்கூறுகளில் ஆயத்தொலைவு என்பது ஒரு பிக்சலின் பெயர். 'பத்தாவது வரிசையில் கோடு போடு' என்றால் பத்தாவது வரிசைப் பிக்சல்கள் நிறம் மாறும். கெய்ரோவில் ஆயத்தொலைவு என்பது பிக்சல்களுக்கு இடையிலுள்ள எல்லைக்கோடு. எனவே 10 என்ற உயரத்தில் ஒரு பிக்சல் தடிமனுள்ள கிடைக்கோடு வரைந்தால், அது 9.5 முதல் 10.5 வரை பரவி, ஒன்பதாவது வரிசையில் பாதியும் பத்தாவது வரிசையில் பாதியுமாக விழுகிறது. ஓர மென்மையாக்கம் இருப்பதால் ஒரு கறுப்பு வரிசைக்குப் பதில் இரண்டு சாம்பல் வரிசைகள் கிடைக்கின்றன. திரையை உருப்பெருக்கிப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். உயரத்தை 10.5 என்று கொடுங்கள். கோடு பத்தாவது வரிசைக்குள் சரியாக உட்கார்ந்துவிடும்.

அரையைச் சேர்ப்பது ஒற்றைப்படைத் தடிமனுள்ள கோடுகளுக்கு மட்டும்தான். நிரப்பிய செவ்வகத்துக்கு அரை சேர்த்தால், கூர்மையாக இருந்த அதன் ஓரங்கள்தான் மங்கும். நிரப்பாத செவ்வகத்தில் இன்னொரு நுணுக்கம் உள்ளது. பழைய செயற்கூறு, கொடுத்த அகலத்தையும் உயரத்தையும்விட ஒரு பிக்சல் கூடுதலான சட்டத்தை வரைந்தது. இடது எல்லையையும் மேலெல்லையையும் மட்டும் அரை நகர்த்தி, அகலத்தையும் உயரத்தையும் அப்படியே கொடுத்து, தடிமன் 1 உள்ள கோட்டால் வரைந்தால் அதே சட்டம் கிடைக்கும்.

தடிமனைப் பொறுத்தவரை, கெய்ரோவின் இயல்புநிலைத் தடிமன் 2. நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால் எல்லாக் கோடும் இரட்டிப்பாகத்தான் வரும். பழைய ஜிசியில் தடிமன் 0 என்றால் 'மிக மெல்லிய கோடு' என்று பொருள். அதே 0-ஐக் கெய்ரோவுக்குக் கொடுத்தால் எதுவுமே வரையப்படாது. ஒற்றைப் புள்ளியும் இப்படித்தான்: நீளமில்லாத கோடாக வரைந்தால் இயல்புநிலையில் அது தெரியாது. ஒரு பிக்சல் அகலமும் ஒரு பிக்சல் உயரமும் உள்ள நிரப்பிய செவ்வகமாக வரையுங்கள்.

வட்டவில் தலைகீழாகத் திரும்பிவிட்டது. வட்டத்துக்கும் முந்தைய வடிவத்துக்கும் இடையில் தேவையற்ற கோடு ஒன்றும் வருகிறது.

பழைய செயற்கூற்றில் கோணம் பாகையின் 64-இல் ஒரு பங்காக அளக்கப்பட்டது. முழு வட்டம் 23,040. மூன்று மணித் திசையில் தொடங்கிக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கோணம் வளரும். இரண்டாவது கோணம் எவ்வளவு தூரம் செல்ல வேண்டும் என்பதைக் குறித்தது, எங்கே முடிய வேண்டும் என்பதை அல்ல. கெய்ரோவில் இந்த மூன்றுமே வேறு. அலகு ரேடியன். கீழ்நோக்கி உயரம் கூடும் திரையில் கோணம் கடிகாரத் திசையில் வளர்கிறது. இரண்டாவது கோணம் முடியும் இடம். எனவே பாகையை ரேடியனாக மாற்றிக் குறியைத் திருப்பி, இரண்டு கோணங்களையும் கூட்டி, எதிர்த்திசையில் வரையும் செயற்கூற்றைப் பயன்படுத்த வேண்டும்.

பழைய செயற்கூறு வடிவத்தைச் சூழ்ந்த செவ்வகத்தைக் கேட்டது. கெய்ரோ மையத்தையும் ஆரத்தையும் கேட்கிறது. நீள்வட்டம் வேண்டுமானால் சூழலைச் சேமித்து, மையத்துக்கு நகர்த்தி, அளவை மாற்றி, அலகு வட்டம் வரைந்து, சூழலை மீட்ட பிறகே கோட்டைப் பதிக்க வேண்டும். மீட்பதற்கு முன்பே பதித்தால் எழுதுகோலும் நசுங்கி, கோடு ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் வரும். நிரப்பிய வில்லைப் பழைய நூலகம் மையம்வரை வெட்டிய துண்டாக நிரப்பியது. கெய்ரோவில் மையத்துக்குக் கோட்டை நீங்களே இழுக்காவிட்டால் வில்லின் இரு முனைகளையும் இணைக்கும் நாண்வரைதான் நிரம்பும். வட்ட விளக்கப்படம் வரையும் நிரல்களில் இந்தத் தவறு உடனே கண்ணில் படும்.

தேவையற்ற அந்தக் கோடு, கெய்ரோ முந்தைய புள்ளியை நினைவில் வைத்திருப்பதால் வருகிறது. வில்லுக்கு முன் புதிய துணைப்பாதையைத் தொடங்குங்கள்.

நிறங்கள் எல்லாம் கறுப்பாகிவிட்டன.

பழைய நிற வகையில் ஒவ்வொரு கூறும் 0 முதல் 65,535 வரையிலான முழு எண். கெய்ரோ 0 முதல் 1 வரையிலான பின்ன எண்ணைக் கேட்கிறது. சி மொழியில் முழு எண்ணை 65535 என்ற முழு எண்ணால் வகுத்தால் ஏறத்தாழ எப்போதும் 0 தான் விடை. 65535.0 என்று புள்ளி வைத்து வகுங்கள். ஜிடிகே 3-இல் வந்த புதிய நிற வகையின் கூறுகள் 'டபுள்' வகை. ஜிடிகே 4-இல் அதே பெயருள்ள வகையின் கூறுகள் 'ஃப்ளோட்' ஆகிவிட்டன. மதிப்பைப் படிப்பவர்களுக்கு இதனால் தொல்லையில்லை. நினைவக முகவரியைக் கொடுத்து வாங்கும் நிரல்களில்தான் தவறான நிறங்கள் தோன்றும்.

ஆங்கில எழுத்துகள் சரியாக வருகின்றன. தமிழ் எழுத்துகள் சிதறுகின்றன. எழுத்தும் சற்று மேலேறி நிற்கிறது.

பழைய எழுத்துச் செயற்கூற்றை நீக்கிவிட்டு, கைக்கு எளிதாகக் கிடைத்த கெய்ரோவின் 'ஷோ டெக்ஸ்ட்' செயற்கூற்றைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அது எடுத்துக்காட்டுகளுக்காக வைக்கப்பட்ட எளிய வசதி. ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் ஓர் உருவத்தை எடுத்து வரிசையாக அடுக்குவதோடு அதன் வேலை முடிந்தது. 'கெ' என்பதில் ஒற்றைக் கொம்பு சேமிப்பில் ககரத்துக்குப் பின்னால் இருந்தாலும் திரையில் முன்னால் வர வேண்டும். 'கொ' என்பதில் ஒரே உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இரு பக்கமும் நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது பாங்கோ நூலகமும் அதனுள் இயங்கும் ஹார்ஃப்பஸும்தான். எனவே பாங்கோவின் லேஅவுட் ஒன்றை உருவாக்கி, பாங்கோ-கெய்ரோ இணைப்பின் மூலம் அதைக் காட்டுங்கள். கெய்ரோவின் செயற்கூறு அடிக்கோட்டிலிருந்து எழுத்தை வரைகிறது. பாங்கோ லேஅவுட், பழைய செயற்கூற்றைப் போலவே, மேல் இடது மூலையிலிருந்து வரைகிறது. எழுத்து மேலேறிய சிக்கலும் அத்துடன் தீர்ந்துவிடும்.

இதைத் தனியே அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் மட்டும் சோதிக்கப்படும் நிரல்களில் இந்தப் பிழை ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாமலே தங்கிவிடுகிறது. நம் மொழியில் சோதித்து இதை வெளிக்கொண்டு வருபவர்கள் நாமாகத்தான் இருக்க முடியும்.

மவுஸால் இழுக்கும் தேர்வுச் சட்டத்தை எக்ஸார் முறையில் வரைந்து, மீண்டும் வரைந்து அழித்தேன். அதற்கு மாற்று என்ன?

நேரடி மாற்று கிடையாது. தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். ஒரே கோட்டை இரண்டாம் முறை வரைந்தால் அடியிலுள்ள படம் மீளும் என்ற பழைய உத்தி, திரையின் முந்தைய நிலை அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கையில் நின்றது. கெய்ரோவிலும் எக்ஸார் என்ற பெயரில் ஒரு செயல்முறை இருக்கிறது; அது ஒளிபுகும் தன்மையைச் சார்ந்த வேறொரு கணக்கு, பிட்டுகளைப் புரட்டுவது அல்ல. பெயரை நம்பி அதைப் பயன்படுத்தி நான் ஒரு மாலைப் பொழுதை இழந்திருக்கிறேன். மவுஸ் அழுத்திய இடத்தையும் இப்போதுள்ள இடத்தையும் இரண்டு மாறிகளில் வைத்துக்கொண்டு, மவுஸ் நகரும்போதெல்லாம் மறுவரைவைக் கோருங்கள். வரைதல் செயற்கூறு படத்தை வரைந்துவிட்டு, அதன் மேல் சற்று ஒளிபுகும் நிறத்தில் சட்டத்தை வரையட்டும். பார்ப்பதற்கும் இது பழையதைவிட நன்றாக இருக்கும்.

பிக்ஸ்மேப்பில் முன்கூட்டியே வரைந்து வைத்திருந்தேன். இப்போது எதில் வைப்பது?

முதலில் அது தேவையா என்று பாருங்கள். மினுக்கலைத் தவிர்க்க மட்டுமே வைத்திருந்தால் தூக்கிவிடலாம். நூலகமே அந்த வேலையைச் செய்கிறது. வரைய நேரம் பிடிக்கும் படம் என்றால் கெய்ரோ பரப்பு (கெய்ரோ வரையும் தாள்) ஒன்றில் வரைந்து வைத்துக்கொள்ளலாம். ஜிடிகே 3-இல் சாளரத்துக்கு ஒத்த பரப்பை உருவாக்கித் தரும் செயற்கூறு இருக்கிறது. நீங்களே படப்பரப்பை உருவாக்கினால், நிரலின் ஓர் அலகுக்குத் திரையில் எத்தனை பிக்சல் என்பதைச் சொல்லும், 3.10 பதிப்பிலிருந்து வந்த அளவுக்காரணியை மறக்கக்கூடாது. அடர்த்தி மிகுந்த திரையில் அது 2 ஆக இருக்கும். நீங்கள் 400-க்கு 300 என்று உருவாக்கிய பரப்பு 800-க்கு 600 ஆக இழுக்கப்பட்டு மங்கும். பரப்பைக் காரணியால் பெருக்கிய அளவில் உருவாக்கி, அதே காரணியைச் சாதன அளவுக்காரணியாகவும் பரப்பில் குறித்துவிட்டால் வரைதல் நிரலின் மற்ற எண்களைத் தொட வேண்டியிருக்காது.

பைதானில் 'டிரா' கால்பேக்கை இணைத்ததும், கெய்ரோ சூழலை மாற்றித்தரும் வசதியைக் காணவில்லை என்று வகைப்பிழை வருகிறது.

உங்கள் நிரலில் குற்றமில்லை. பைதானிலிருந்து ஜிடிகேயை அழைக்க உதவும் பைகோப்ஜெக்டையும், கெய்ரோவை அழைக்க உதவும் பைகெய்ரோவையும் இணைக்கும் துணைத் தொகுப்பு நிறுவப்படவில்லை. பல லினக்ஸ் வெளியீடுகளில் அது தனித் தொகுப்பாக இருக்கிறது.

என் சொந்த விட்ஜெட்டின் பின்புலம் 3.20-க்குப் பிறகு மறைந்துவிட்டது. அது சிறு பதிப்புதானே?

2016-இல் வந்த 3.20 பதிப்பில் தோற்ற அமைப்பின் பெயரிடும் முறை மாறியது. அதுவரை விட்ஜெட் வகையின் பெயரால் எழுதப்பட்ட நடைவிதிகள், அதன் பிறகு விட்ஜெட் அறிவிக்கும் தனிப்பெயரால் எழுதப்பட்டன. பின்புலத்தையும் சட்டத்தையும் தோற்ற அமைப்பைக் கொண்டு வரைந்த விட்ஜெட்டுகளுக்கு எந்த விதியும் பொருந்தாமல், வெறுமையே மிஞ்சியது. விட்ஜெட் வகைக்குத் தனிப்பெயர் ஒன்றைக் குறித்து, அதற்கான நடைவிதியையும் சேர்த்தால் தீரும். முதன்மை எண் மாறாத வெளியீட்டில் இப்படிச் செய்தது நியாயமில்லை என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

ஜிடிகே 4-இல் 'டிரா' சிக்னலே இல்லை. கெய்ரோ நிரலையும் தூக்கியெறிய வேண்டுமா?

வேண்டாம். டிராயிங் ஏரியா விட்ஜெட் இன்னும் இருக்கிறது. சிக்னலுக்குப் பதில், வரைதல் செயற்கூற்றை அதில் நேரடியாகப் பதிவு செய்ய வேண்டும். அந்தச் செயற்கூற்றுக்குக் கெய்ரோ சூழலோடு அகலமும் உயரமும் தரப்படுகின்றன. திருப்பித்தர வேண்டிய மதிப்பு எதுவுமில்லை. உள்ளே இருக்கும் கெய்ரோ வரிகள் ஒன்றுகூட மாற வேண்டியதில்லை. விட்ஜெட்டுக்கு உள்ளடக்க அகலத்தையும் உயரத்தையும் குறித்துவிடுங்கள். அளவும் குறிக்காமல், விரியவும் விடாமல் இருந்தால் அது பூஜ்ய அளவில் நின்று எதையும் காட்டாது.

சொந்தமாக விட்ஜெட் வகையை உருவாக்கியிருந்தால், 'ஸ்னாப்ஷாட்' என்ற முறையை எழுத வேண்டும். அதில் நேரடியாக எதுவும் வரையப்படுவதில்லை; எவற்றை வரைய வேண்டும் என்ற கணுக்களின் பட்டியல் உருவாக்கப்பட்டு, வரைகலைச் செயலி வழியாகப் பின்னர் திரைக்குச் செல்கிறது. ஸ்னாப்ஷாட்டுக்குள் கெய்ரோ கணு ஒன்றைச் சேர்த்து, பழைய நிரலை அதனுள் அழைக்கவும் முடியும். மவுஸ், விசைப்பலகைச் சிக்னல்களும் நீக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் தனித்தனிக் கட்டுப்படுத்திகள் வந்திருக்கின்றன. அது அலுப்பூட்டும் மாற்றம், கடினமானது அல்ல.

ஜிடிகே 4-க்கு மாறிய பிறகு நிரல் மெதுவாகிவிட்டது. வேகம் கூடும் என்றல்லவா சொன்னார்கள்?

நூலகத்தின் சொந்த விட்ஜெட்டுகளுக்கு வேகம் கூடியது உண்மை. கெய்ரோ கணுவுக்கு அப்படியல்ல. கெய்ரோ முதன்மைச் செயலியில் வரைகிறது. வரைந்த படம் ஒவ்வொரு முறையும் வரைகலைச் செயலியின் நினைவகத்துக்கு ஏற்றப்பட வேண்டியிருக்கிறது. திரை முழுவதையும் நிரப்பும் ஒரே டிராயிங் ஏரியாவை நொடிக்கு அறுபது முறை புதுப்பித்தால் இந்தச் சுமை நன்றாகத் தெரியும். ஒரு பகுதியை மட்டும் மறுவரைவு கோரும் பழைய செயற்கூறும் ஜிடிகே 4-இல் இல்லை. விட்ஜெட் முழுவதற்கும்தான் கோர முடியும்.

ஆனால் மறுவரைவு கோரப்படாத விட்ஜெட்டின் கணுக்களை நூலகம் நினைவில் வைத்து மீண்டும் பயன்படுத்துகிறது. அந்த இயல்பைச் சாதகமாக்கிக்கொள்ளுங்கள். அலைவடிவ நிரலில் கட்டங்களையும் அச்சு எண்களையும் ஒரு விட்ஜெட்டிலும், நகரும் சுட்டுக்கோட்டை அதன் மேல் அடுக்கிய இன்னொரு விட்ஜெட்டிலும் பிரித்து வைத்தால், சுட்டுக்கோடு நகரும்போது கட்டங்கள் மீண்டும் வரையப்படுவதில்லை. சுட்டுக்கோட்டையும் கெய்ரோவில் வரையாமல், ஸ்னாப்ஷாட்டில் ஒரு நிறச் செவ்வகமாகச் சேர்த்துவிட்டால் ஏற்ற வேண்டிய படமே இருக்காது. வளைகோடுகளுக்கு 2024-இல் வந்த 4.14 பதிப்பு, பாதைகளை ஸ்னாப்ஷாட்டிலேயே நிரப்பவும் கோடிடவும் வழி தந்திருக்கிறது. சிக்கல் உங்கள் நிரலிலா, வரைகலைச் செயலியின் இயக்கியிலா என்று அறிய, ஜிஎஸ்கே ரெண்டரர் என்ற சூழல் மாறியைக் கெய்ரோ என்று வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்போது பிழை மறைந்தால் ஐயம் இயக்கியின் பக்கம் திரும்பும்.

2-இலிருந்து நேராக 4-க்குத் தாவலாமா?

சிறிய நிரல் என்றால் தாவலாம். பெரிய நிரல் என்றால் வேண்டாம் என்பேன். முதலில் ஜிடிகே 2-இன் கடைசி வரிசையான 2.24-இலேயே இருந்துகொண்டு, கைவிடப்பட்டவற்றை முடக்கும் கம்பைலர் குறிகளைப் போட்டு, வரைதல் முழுவதையும் கெய்ரோவுக்கு மாற்றுங்கள். கெய்ரோ சூழல், அகலம், உயரம், தரவு ஆகிய நான்கை மட்டும் வாங்கிக்கொண்டு, ஜிடிகேயின் எந்த வகையையும் தொடாத ஒரே செயற்கூற்றுக்குள் வரைதலை ஒதுக்கிவிடுங்கள். நிரல் இன்னும் பழைய பதிப்பிலேயே ஓடிக்கொண்டிருப்பதால், ஒவ்வொரு மாற்றத்தையும் உடனுக்குடன் சரிபார்க்க முடியும். அதன் பிறகு 3-க்கோ 4-க்கோ போவது அந்தச் செயற்கூற்றை அழைக்கும் ஐந்தாறு வரிகளின் பிரச்சினையாகச் சுருங்கிவிடும். என் அலைவடிவ நிரலில் இப்படி ஒதுக்கிய செயற்கூறு 2-இலிருந்து 4 வரை ஓர் எழுத்துகூட மாறாமல் வந்து சேர்ந்தது.

மாறாமல் பழைய பதிப்பிலேயே இருந்துவிட்டால் என்ன?

கொஞ்ச காலம் இருக்கலாம். ஜிடிகேயே ஜிம்ப் படத்தொகுப்பு நிரலுக்காகப் பிறந்தது. அந்த ஜிம்ப் ஜிடிகே 3-க்கு மாறிய 3.0 பதிப்பு 2025 மார்ச்சில்தான் வந்தது, அதாவது ஜிடிகே 3 வந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து. இங்க்ஸ்கேப் 2020-இல் தன் 1.0 பதிப்பில் மாறியது. எனவே தாமதித்ததற்காக யாரும் கூச வேண்டியதில்லை. ஆனால் ஜிடிகே 4.0 வெளிவந்தபோதே 2-ஆம் வரிசையின் பராமரிப்பு முடிந்துவிட்டது. திருத்தங்கள் வருவதில்லை, வேலண்டில் நேரடியாக ஓடாது, அடர்த்தி மிகுந்த திரையில் உங்கள் நிரல் சிறுத்துத் தெரியும். புதிய வசதி எதையும் சேர்க்கத் திட்டமிட்டிருந்தால், அதற்கு முன் இந்த மாற்றத்தை முடித்துவிடுவது நல்லது.

மாற்றிய வரைதல் பழையதைப் போலவே இருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது?

கண்ணால் ஒப்பிடுவது போதாது. ஒரு பிக்சல் விலகலைக் கண் விட்டுவிடும். மேலே சொன்னபடி வரைதலைத் தனிச் செயற்கூறாக ஒதுக்கிவிட்டால், அதற்குச் சாளரமே தேவையில்லை. நினைவகத்தில் கெய்ரோ படப்பரப்பு ஒன்றை உருவாக்கி, அதில் வரையச் செய்து, பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். மாற்றத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று என இரண்டு கோப்புகளையும் பிக்சல் பிக்சலாகக் கழித்துப் பார்த்தால், வேறுபட்ட இடங்கள் மட்டும் கறுப்புப் பின்னணியில் தெரியும். அளவுக்காரணி 1-இலும் 2-இலும் தனித்தனியே சோதியுங்கள். எழுத்துள்ள பகுதிகள் எழுத்துரு, அதன் பதிப்பு ஆகியவற்றைப் பொறுத்துக் கணினிக்குக் கணினி மாறும் என்பதால், எழுத்தில்லாத படம் ஒன்றையும் எழுத்துள்ள படம் ஒன்றையும் பிரித்து வைத்து, முன்னதில் மட்டும் ஒரு பிக்சல்கூட மாறக்கூடாது என்ற கண்டிப்பை வைத்துக்கொள்ளுங்கள்.